மாப்பிள்ளை எடுத்த அக்கினிச்சட்டி

என் வீட்டுக்காரர் கிரிக்கெட் ஆடியதே இல்லை. தண்டோரா போடாத குறையாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியில் ஒருவரும் நம்பவில்லை. வெஸ்ட் இண்டீஸ்காரர், ஆறே முக்கால் அடி உயரம், நல்ல கறுப்பு. அப்படிப்பட்டவர் வேகப்பந்து வீசாமல் வேறென்ன செய்வார் என்பது ஊரின் தீர்ப்பு.

அவர் பெயர் லெனார்ட். செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் வாழைத்தோட்டக்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். உயரத்தைப் பார்த்துக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தார்கள். அது அவரைப் பதினெட்டு வயதில் அமெரிக்கக் கல்லூரிக்குக் கொண்டுபோனது. அங்கே பெரிய அணிகள் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு போர்ச்சுகல், சைப்ரஸ், லெபனான், கடைசியில் பஹ்ரைன். ஓர் ஊரில் பால்காரன் முகம் பழகுவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பஹ்ரைனில் நான் எலும்பு வார்டு நர்ஸ். வலது முழங்காலைக் காட்ட வந்தார். கால் சரியாகவில்லை, கல்யாணம்தான் ஆனது. என் அம்மா சங்கிலியம்மாள் எங்கள் மகள் சினேகா பிறக்கும்வரை என்னோடு போனில்கூடப் பேசவில்லை. இப்போது மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்றுதான் முதலில் கேட்கிறாள், நான் சாப்பிட்டேனா என்று கேட்பதில்லை.

2005இல் பஹ்ரைன் கிளப்பும் போதும் என்று சொல்லிவிட்டது. குடும்பத்தோடு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். எனக்குத் தேனியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. அவருக்கு வாழைத்தோப்பு கிடைத்தது. வாழைத்தாரை ஏன் வெயிலில் விடுகிறீர்கள், எங்கள் தீவில் என் அப்பா தாருக்கெல்லாம் நீலப் பை மாட்டுவார் என்றார். தாருக்குச் சட்டை போடுகிற ஊரா என்று தோப்பில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனாலும் சாயங்காலமானால் பந்தை எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் மைதானத்துக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது படியேறக் கைப்பிடிச் சுவரைப் பிடிப்பார். எனக்குப் பார்க்கவே அலுப்பாக இருக்கும்.

மறு வருஷம் ஓமானிலிருந்து பழைய கூட்டாளி ஒருவர் போன் செய்தார். அங்கே ஒரு கிளப்பில் மேனேஜராம். முப்பத்தெட்டு வயது ஆளை எடுக்க நிர்வாகம் தயங்கும், முழு மேட்ச் ஓடி ஆடுகிற வீடியோ ஒன்று அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த மே மாதம் உத்தமபாளையத்தில் கூடைப்பந்து டோர்னமென்ட். உள்ளூர் கிளப்புக்காக என் வீட்டுக்காரர் ஆடினார், அணி ஃபைனலுக்கு வந்துவிட்டது. கல்யாண வீடியோ எடுக்கிற சேக் பரீத் ஃபைனலைப் படம் பிடிக்க ஒப்புக்கொண்டான். முழங்கால்தான் ஒப்புக்கொள்ளவில்லை. அரையிறுதி முடிந்த அன்று அது தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"ஒரு ஊசி போடு சொர்ணா. ஒரே ஒரு மேட்ச்" என்றார்.

நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். அதில் மரியாதை விகுதி கிடையாது, சண்டை போட வசதி.

"இதையேதான் பஹ்ரைன்ல ஒவ்வொரு தடவையும் சொன்ன. மூட்டுல இனி தேய எதுவும் இல்லைன்னு தேனி டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ஒரே ஒரு மேட்ச்."

இல்லை என்று சொல்லிச் சொல்லி நானும் ஓய்ந்துபோனேன். ஊசி மருந்தை வாங்கி வந்து ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இதற்கிடையில் அம்மா எங்களைக் கேட்காமலே காளியம்மனிடம் நேர்ந்துகொண்டாள். மாப்பிள்ளை கால் குணமானால் அவரே அக்கினிச்சட்டி எடுப்பார் என்று. குணமான பிறகு செலுத்துவதுதான் முறை. ஆனால் கோயில் பொங்கல் திருவிழா சாட்டியது ஃபைனல் நடக்கிற அதே வாரம். மாப்பிள்ளை ஜூனில் ஓமானுக்குப் போய்விட்டால் ஆத்தாவுக்கு யார் பதில் சொல்வது? முன்கூட்டியே செலுத்திவிடலாம் என்று அவளாக முடிவு செய்துவிட்டாள்.

"மாப்ளே, நம்ம ஆத்தாவுக்கு ஒரு சட்டி எடுக்கணும். எடுப்பீகளா?" என்றாள்.

"சரி அத்தை" என்றார் அவர். அவருக்குத் திருத்தமாக வருகிற தமிழ் அந்த இரண்டு சொல்தான். கையில் காப்புக் கட்டிக்கொண்டு, கறிக்குழம்பு வாசம் வந்தால் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, விரதமும் இருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் உத்தமபாளையம் ஆற்றங்கரையில் சட்டி எடுத்து எங்கள் ஊர்க் கோயில்வரை நடந்தார்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. ஊரே அவர் கைக்குக் கவலைப்பட்டதாம். பந்து பிடிக்கிற கை சுட்டுவிடக் கூடாதென்று சட்டிக்கு அடியில் வேப்பிலையை மெத்தை மாதிரி அடுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். காலைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை என்றுதான் அன்றைக்கு எண்ணினேன். எங்கள் ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து மே மாதத் தார் ரோட்டை வெறுங்காலால் மிதித்து வளர்ந்தவர்கள். உள்ளங்கால் என்று ஒன்று சுடும் என்பதே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவரோ இருபது வருஷமாக ஷூவும் மரத்தளமுமாக வாழ்ந்தவர்.

சாயங்காலம் நான் வந்தபோது கட்டிலில் கிடந்தார். கட்டில் போதாமல் இரண்டு பாதமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டிலும் தோல் வழன்று, கொப்புளம் உடைந்திருந்தது. அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நாந்தான் கெடுத்தேன். அம்புட்டு சனம் நடந்தாக, இவுகளுக்கு மட்டும் இப்படி ஆகும்னு நெனச்சனா?"

எனக்கு வந்த கோபத்தில் அவளைத் திட்டினேன், கோயில் நாட்டாமையைத் திட்டினேன், தார் போட்டவனையும் திட்டினேன். 

ஃபைனல் நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் சேக் பரீத் கேமரா பையோடு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அண்ணே வெளையாட வர்றாகளா?"

"எழுந்து நிக்கவே முடியல. எங்கன வெளையாட?"

அவன் முகம் வாடிப்போனது. பிறகு தயங்கித் தயங்கி ஒரு சி.டி.யை நீட்டினான். "வெள்ளிக்கிழமை கோயில் கமிட்டிக்கு எடுத்தேன்க்கா. அண்ணே நடந்தது முழுசா இருக்கு. சும்மா பாருங்க."

அவர் கண்ணயர்ந்திருந்தார். நான் டி.வி.யில் போட்டேன். கூட்டத்துக்கு மேலே தலையும் தோளும் தெரிய, சட்டியில் தீ எழும்ப, மஞ்சள் வேட்டியில் வந்துகொண்டிருந்தார். ரோட்டின் இடது ஓரம் நெடுக மணல் பரப்பி லாரியில் தண்ணீர் கொண்டுவந்து அடித்திருந்தார்கள். சட்டி எடுத்த மற்றவர்கள் அதன் மேல் போனார்கள். முன்னால் போன ஒருவர் அவரையும் அங்கே வரச் சொல்லிக் கை காட்டினார். என் வீட்டுக்காரர் மணலைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு ரோட்டின் நடுவுக்கு நகர்ந்து, தாரின் மேலேயே நடந்தார்.

நான் அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நடுவுக்குத்தான் நகர்ந்தார்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. விழித்திருந்தார்.

"மணல் இருக்கிறதப் பாத்த" என்றேன்.

"பாத்தேன்."

"சுட்டுச்சா?"

"ரொம்ப."

"பின்ன ஏன்?"

அவர் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். "முழங்கால் போச்சு, ஆட முடியலைன்னு ஓமான்ல இருக்கிறவனுக்குப் போன் பண்ணிச் சொல்ல எனக்கு வாய் வரல. மாமியாருக்காகத் தீச்சட்டி எடுத்தேன், கால் வெந்துடுச்சுன்னா சொல்லிடலாம்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "போதும்னு என்கிட்டச் சொல்லியிருந்தா ஆகாதா? எத்தனை வருஷமா நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்?"

"உன்கிட்டச் சொல்றதுதான் எல்லாத்தையும்விடக் கஷ்டம்."

"ஏன்?"

"சொன்னா நீ சந்தோஷப்படுவ. அதை நான் பாக்க வேண்டி வரும்."

 அவர் சொன்னது முழுக்க உண்மை. இனி பெட்டி கட்ட வேண்டாம், ஊசி போட வேண்டாம், அவர் இங்கேயே இருப்பார் என்று எனக்குள் எல்லாம் குளிர்ந்துபோயிருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று, களிம்பை எடுத்துக்கொண்டு அவர் பாதத்தருகே தலையைக் குனிந்து உட்கார்ந்தேன்.