தலைவருக்கு எதிராக ஒரு வோட்டு

என் கணவர் விக்னராஜா எட்டு வருடங்களாக எங்கள் கிரவீன் தமிழர் மன்றத்தின் தலைவர். அந்தப் பதவி அவருக்குக் கௌரவம், எனக்கு நிம்மதி. அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வருடம், மன்றம் பூட்டியிருந்த டிசம்பர் நத்தார் விடுமுறையில், மனிதர் என் குசினிக்குள் புகுந்து டின்களையெல்லாம் உயர வரிசைப்படி அடுக்கிவிட்டார். மிளகாய்த்தூளை மூன்று நாள் தேடினேன். ஆகவே அவர் தலைவராகவே இருக்கவேண்டும் என்று என்னைவிட அதிகம் ஆசைப்பட்டவர் இந்தச் சிட்னியில் யாருமில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஓகஸ்டில் வில்லங்கம் வந்தது. செயலாளர் சடகோபன் வேலை மாறி மெல்பேர்னுக்குப் போய்விட்டார். காலியான இடத்துக்கு ஓர் இடைத்தேர்தல். வழக்கமாக எங்கள் மன்றத்தில் போட்டியே கிடையாது. ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், வடை வந்துவிடும். இந்த முறை என் கணவர் தன்னுடைய ஆளாகக் கேதீஸ்வரனை நிறுத்தினார். பன்னிரண்டு சீற் வான் வைத்திருக்கும் நல்ல மனிதர். யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். எதிரே நின்றவர் இரஞ்சிதம் ரீச்சர். போன கூட்டத்தில் எழுந்து, தலைவர் பத்து நிமிடத்துக்குமேல் பேசக்கூடாது என்று சொன்னவர்.

என் மனிதரோ பேப்பர்ப் பைத்தியம். எங்கோ ஒரு தொகுதியில் இடைத்தேர்தல் என்றால், அது பிரதமருக்கு விழுந்த அடியா இல்லையா என்று என் தேத்தண்ணி ஆறும்வரை விளங்கப்படுத்துவார். அந்தப் புத்தி இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

"இது செயலாளருக்கான தேர்தல் இல்லை, நாகேஸ்வரி. சனம் என்னைப் பற்றி என்ன நினைக்குதெண்டு இதில தெரிஞ்சிடும். கேதீஸ் தோத்தா, நான் அண்டைக்கே விலகுவன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"எழுதியே வச்சிட்டன்" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

அடுத்தது சட்டி பானைகள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எழுபத்தொரு பேர். வாக்குப் பெட்டி, மூடியில் கீறல் போட்ட ஐஸ்கிரீம் வாளி. துண்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனவள், பின்னால் நின்றவர்கள் செருமும்வரை யோசித்தேன். யோசித்து ஒரு புள்ளடியும் போட்டேன். யாருக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரஞ்சிதம் ஐம்பத்தெட்டு. கேதீஸ்வரன் பதின்மூன்று.

இவர் எழுந்து ஒலிவாங்கிக்குப் போனார். சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து விரித்தார். "மன்ற உறுப்பினர்கள் என்மீது வைத்திருந்த நம்பிக்கையை இழந்துவிட்டார்கள் என்பதை இந்த முடிவு..."

அதுவரை வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் திகைத்துப்போய் நிமிர்ந்தது. முன்வரிசையில் எண்பது வயதுத் திலகம் அன்ரி கைத்தடியை நிலத்தில் தட்டினார்.

"தம்பி, உம்மைப் பற்றி ஆர் இஞ்ச கேட்டது? வெள்ளிக்கிழமை பின்னேரம் செயற்குழுக் கூட்டம் எண்டு நீர்தானே சட்டம் போட்டு வச்சிருக்கிறீர்? கேதீஸ் செயலாளர் ஆனா அங்கயெல்லோ இருக்கோணும். பிறகு வெள்ளிக்கு வெள்ளி முறை வச்சு எங்களை ஹெலன்ஸ்பேர்க் கோயிலுக்கு ஆர் ஏத்திக்கொண்டு போறது? நீரோ?"

"அதுதானே!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்கள்.

இவர் வாய் திறந்தபடி கேதீஸ்வரனைப் பார்த்தார். அவர் நெளிந்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் கேக்கேக்க மறுக்க வெக்கமாப் போச்சு. நானும் ரீச்சருக்குத்தான் போட்டனான்."

மண்டபம் அதிரச் சிரித்தது. இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீர்?"

"அந்த வானில எனக்கும் ஒரு சீற் இருக்கு" என்றேன். பயந்துதான் சொன்னேன். குசினியையும் கோயிலையும் திரைக்குப் பின்னால் நிறுத்துப் பார்த்ததில் முருகா, கோயில்தான் கனத்தது.

இரஞ்சிதம் ரீச்சர் மேடைக்கு ஏறி, கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கினார். "அண்ணை, பேச்சைத்தான் சுருக்கச் சொன்னனான், பதவியை இல்லை. இனிக் கூட்டம் வியாழக்கிழமை. சரியோ?" கடிதத்தை இரண்டாக மடித்து, அதன்மேல் இரண்டு வடையை வைத்து அவரிடமே நீட்டினார். கைதட்டல் ஓய நேரமெடுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் டின்கள் பிழைத்தன.

ஆனால் வீட்டுக்கு வந்தும் மனிதரின் முகம் தெளியவில்லை. புதன்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "எதிர்த்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. எழுபத்தொரு பேரில ஒருதர்கூட என்னை நினைச்சுப் போடேல்லையே, நாகேஸ்வரி!"

எனக்குப் பாவமாக இருந்தது. கூட்டம் வியாழனுக்கு மாறியதில் வெள்ளி அவருக்குச் சும்மாதானே என்று கோயில் வானில் ஏற்றிக்கொண்டு போனேன். எட்டு வருடத்தில் முதல் தடவை. கிரவீனில் பேசத் தொடங்கியவர்தான். மன்றத்தின் வரலாறு, இடைத்தேர்தல்களின் தத்துவம், விக்டோரியாவில் எப்படி, குவீன்ஸ்லாந்தில் எப்படி என்று சதர்லண்ட் தாண்டியும் மூச்சு விடவில்லை.

"கேதீஸ், வானை நிப்பாட்டும்!" என்று கத்தினார் திலகம் அன்ரி. "இந்த மனிசன் இப்பிடியே கதைச்சுக்கொண்டு வந்தா, வாற தேர்தலில நான் இவருக்கு எதிராத்தான் போடுவன். அம்மாளாணை!"

முன்சீற்றிலிருந்து இவர் சடாரென்று திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. கலியாணத்தன்றுகூட அப்படியொரு சிரிப்பை நான் கண்டதில்லை.

"கேட்டீரோ, நாகேஸ்வரி? ஒரு வோட்டு! எனக்கெண்டே ஒண்டு!"