ஆசீர்வாதம் என்கிற லோகு

சுவரொட்டியில் நைனாவின் முகம் சரியாகத்தான் இருந்தது. பெயர்தான் லோகு என்று இருந்தது. ரோலிங் மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் அடித்துக் கொண்டுவந்து, பசை வாளியும் கையுமாகத் தெரு முனையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி, எங்கள் அண்ணன் லோகு.' செத்துப்போனவர் ஆசீர்வாதம். அழுது வீங்கிய முகத்தோடு ஓடிவந்த ஷைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க நைனா பேரு ஆசீர்வாதம்ணா," என்றாள்.

பசை வாளிக்காரர் சுவரொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "லோகண்ணன் கிறிஸ்டியனாம்மா?" என்று கேட்டார். பாவம், இரண்டு மூன்று வருஷம் நைனாவோடு ஒரே ஃபர்னஸ் முன்னால் நின்று வெந்த மனிதர்.

அவர்மேல் தப்பில்லை. நைனாவின் காண்ட்ராக்டர் யாருக்கும் ஒரே பெயரில் ரொம்ப நாள் கேட் பாஸ் தரமாட்டார். ஒரே பெயர் ஓடிக்கொண்டே இருந்தால் நாளைக்கு வேலையை நிரந்தரம் பண்ணு என்று கேட்பான் அல்லவா? அதனால் வேலையை விட்டு நின்றுபோனவன் பாஸை இருக்கிறவனிடம் கொடுத்துவிடுவார். ஆள் அதே ஆள், பெயர் மட்டும் வேறு. பழைய இரும்பு யார்டில் நைனா அப்பாவு. ஃபர்னஸில் லோகு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, "லோகுவ கேட்டுலயே உட்டுட்டு வந்துட்டேன், சோறு போடு," என்பார்.

ஷைனி எழுதுகிறவள். வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஃபோனிலேயே கதை எழுதுவாள். மனித உரிமைகளைப் பற்றி எழுதும் புதியவர்களை நாடு நாடாகத் தேடிச் சேர்த்த ஒரு குழு அவளையும் சேர்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூடுவார்கள். நைனா அவளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, நேபாளத்துக்கும் கொலம்பியாவுக்கும் கையாட்டுவார். ஒருமுறை கென்யாக்காரப் பெண் ஒருத்தி பூப்பண்ணையில் கூலி வேலை செய்யும் தன் அப்பாவைப் பற்றி வாசித்தாள். ஷைனி தமிழில் சொன்னாள். நைனா யோசித்துவிட்டு, "பாவம், அவருக்கு எத்தினி பேராம்?" என்று கேட்டார். இருமிக்கொண்டேதான் கேட்டார். அந்த இருமல்தான் நேற்று அவரைக் கொண்டுபோனது.

அடக்கத்தின்போது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வீட்டில் ஒருவர் வாசிப்பது அவர்கள் சபை வழக்கம். பாஸ்டர் ஷைனியை வாசிக்கச் சொல்லியிருந்தார். நைனாவின் தலைமாட்டில் உட்கார்ந்தே எழுதினாள். எந்தப் பெயரில் எந்த வேலை, யார் அந்தப் பாஸைக் கொடுத்தது, எல்லாம் எழுதினாள்.

காண்ட்ராக்டர் பரசுராமன் பெரிய மாலையோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். போகும்போது ஷைனியின் தம்பி ஜோஷ்வாவைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். ஜோஷ்வா இப்போது அவரிடம்தான் வேலைக்குப் போகிறான். சுவரொட்டியைக் கிழித்துவிடச் சொன்னாராம். மயானத்தில் மில் பேச்சே வேண்டாமாம்.

அம்மா ரோசம்மாள் ஷைனியைச் சமையற்கட்டுக்கு இழுத்துப்போனாள்.

"பொறந்தது, கண்ணாலம் கட்னது, புள்ளைங்க. அத்தோட நிறுத்திக்கோ. போனவரு போய்ட்டாரு. இருக்கறவன் சோத்துல மண்ண போடாத."

அம்மா சொன்னது தப்பென்று ஷைனியால் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. வாசலில் நின்ற ஜோஷ்வாவிடம் போனாள்.

"என் பாஸ்ல இன்னா பேருன்னு நீ கேக்கவே இல்லியேக்கா," என்றான் அவன். "படி. எழுதன அத்தினியும் படி."

மயானத்தில் மில் ஆட்கள், கிறிஸ்தவ அடக்கத்தில் எங்கே நிற்பதென்று தெரியாமல் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். பரசுராமன் முன்வரிசையில் நின்றார். ஷைனி வாசித்தாள். பிறந்தது திருவாலங்காடு. கல்யாணம். இரண்டு பிள்ளைகள். அங்கே நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிரவில்லை. நைனாவைப் பாதி மட்டும் புதைத்துவிட்டுப் போக ஷைனிக்கு மனசு வரவில்லை.

"பழைய இரும்பு யார்டில் இவர் அப்பாவு," என்று வாசித்தாள். பின்னால் ஒரு பெரியவர் சட்டென்று தலை தூக்கினார். "ஃபர்னஸில் லோகு." பசை வாளிக்காரரும் கூட நின்றவர்களும் மெல்ல முன்னால் வந்தார்கள். "இந்தப் பெயர்களைக் கொடுத்தவர் காண்ட்ராக்டர் பரசுராமன்." பரசுராமன் யாருக்கோ ஃபோன் செய்கிறவர்போல விலகிப்போனார். ஜோஷ்வா அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்களுக்கு இவர் நைனா," என்று முடித்தாள். பாஸ்டர் ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். அம்மா ஷைனியின் கையைப் பிடித்து இழுத்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

"தசரதன உட்டுட்டியே," என்றாள் அம்மா.

ஷைனிக்குப் புரியவில்லை.

"நீ பொறக்கறதுக்கு முன்ன. அத்திப்பட்டுல சாம்பல்ல செங்கல்லு போடற கம்பெனி. சோறு எட்த்தும்போய் கேட்டுல நின்னுக்கினு கூப்புடுவேன். அவரு பேர நான் வாய் உட்டு சொன்னதே கெடயாது. அந்தப் பேருன்னா சொல்லலாம்ல."

ஷைனி பாஸ்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். ஃபோனைப் பார்க்காமல், "அத்திப்பட்டில் தசரதன்," என்றாள்.

கூட்டத்தில் யாரும் தலை தூக்கவில்லை. அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ம்," என்றாள்.