பட்டியலின் முதல் பெயர்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைத் தசமம் என்றுதான் கூப்பிடுவார்கள். காபிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டால்கூட, "ஒண்ணு புள்ளி அஞ்சு. ஒண்ணு புள்ளி ஆறு இல்ல" என்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

மூலக்கூறுகளை எடை போடுவது அவள் வேலை. ஒரு சொட்டுச் சிறுநீரை இயந்திரத்துக்குள் விட்டால், அதில் கரைந்திருக்கும் ஒவ்வொன்றின் எடையையும் அது நான்கு தசமம் வரை சொல்லிவிடும். எடை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தால் உள்ளே கரிமம் எத்தனை, ஹைட்ரஜன் எத்தனை என்று கணக்குப் போட்டுவிடலாம். அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் எடை சொல்லாது. அதே செங்கல்லில் மாளிகையும் கட்டலாம், கழிப்பறையும் கட்டலாம்.

சிறுநீரக நோயாளிகள் இருபத்துநான்கு பேரிடமும் 192.1383 என்று ஒரு எடை வந்தது. நோயில்லாத இருபத்துநான்கு பேரில் ஒருவரிடமும் அது இல்லை. தசமத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. "திங்கட்கிழமை கூட்டத்துல இது நிக்கட்டும், அப்புறம் உங்க வேலையைப் பத்திப் பேசலாம்" என்று ஆய்வகத் தலைவர் வேறு சொல்லியிருந்தார்.

அந்த எடைக்குப் பொருந்தும் பொருள்களின் பட்டியலை அச்செடுத்தாள். முதல் பெயர், கடைகளில் விற்கும் கொசு விரட்டி மருந்து. "சிறுநீர்ல கொசு மருந்தா!" என்று சிரித்து அதன் மேல் சிவப்புக் கோடு இழுத்தாள். ஏழாவதாக, வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. நோயைக் காட்டிக்கொடுக்கப்போகும் பொருளுக்கு ஏற்ற கம்பீரமான பெயர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே, அதையே எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில் தங்கையை உட்கார வைத்துத் தன் உரையை ஒத்திகை பார்த்தாள். தங்கை அந்த நோயாளிகள் படுத்திருந்த சிறுநீரக வார்டில் நர்ஸ். மாதிரிகளைச் சேகரித்துக் கொடுத்தவளும் அவள்தான். சாயங்கால ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கையில் எதையோ தேய்த்துக்கொண்டே உரையைக் கேட்டாள்.

"என்னடி நாத்தம் அது?" என்றாள் தசமம் பாதியில் நிறுத்தி.

"கொசு மருந்து. வார்டு ஜன்னல்ல வலை கிழிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? எட்டு மனு போட்டாச்சு. எட்டுக்கும் கண்காணிப்பாளர்கிட்டேருந்து 'வார்டில் கொசு இல்லை'ன்னு பதில். அப்புறம் என்ன, நானே எல்லாருக்கும் பூசி விட்டுட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்."

"எல்லாருக்குமா?"

"ஒருத்தரை விட்டாலும் சண்டைக்கு வருவாங்க."

அக்காவுக்குப் பட்டியலின் முதல் பெயர் நினைவுக்கு வந்தது. தங்கை கையிலிருந்த ட்யூபைப் பிடுங்கிக்கொண்டு, "ஏய், என் மருந்து!" என்ற கூச்சலைக் காதில் வாங்காமல் ஆய்வகத்துக்கு ஓடினாள்.

குண்டூசித் தலையளவு கரைத்து இயந்திரத்தில் விட்டாள். 192.1383. எடை ஒன்றானால் என்ன, அடுக்கு வேறாக இருக்கலாமே என்று மனசு கெஞ்சியது. மூலக்கூறை உடைத்துத் துண்டுகளை நோயாளிகளின் மாதிரியோடு ஒப்பிட்டாள். அதே துண்டுகள், இயந்திரக் குழாயைக் கடந்து வெளியே வந்த நேரமும் அதே. இருபத்துநான்கு பேரும் தோலில் பூசியதைத்தான் உடம்பு சிறுநீரில் வெளியே தள்ளியிருக்கிறது. நோயில்லாதவர்களோ அந்த வார்டில் படுத்தவர்களே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

வேலைக் கடிதம் கைக்கு வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? அந்த எண்ணமும் வந்தது, வராமல் இருக்குமா. ஆனால் காபிச் சர்க்கரையில் பொய் சொல்லத் தெரியாதவள் முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பாள்?

திங்கட்கிழமை அரங்கு நிரம்பியிருந்தது. முன்வரிசையில் தலைவர், பக்கத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர். கடைசி வரிசையில் தங்கை.

"நான் கண்டுபிடிச்சது நோய்க்குறி இல்ல, கொசு மருந்து" என்றாள் தசமம்.

ஒருவர் கிளுக்கென்றார். அப்புறம் அரங்கே சிரித்தது. அவளுக்குக் காது மடல் எரிந்தது. கண்காணிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க வார்டுல கொசுவே கிடையாதும்மா."

தவறான தகவலை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளால் முடிந்ததே இல்லை. "இருபத்துநாலு பேருக்கு இருபத்துநாலு பேர் சார். கொசு இல்லாத இடத்துல இத்தனை பேர் எதுக்குப் பூசிக்கணும்?"

கடைசி வரிசையில் ஒற்றை ஆளின் கைதட்டல் கேட்டது.

புதன்கிழமை ஜன்னல்களுக்குப் புது வலை வந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடிதம் வந்தது. ஆறு மாத நீட்டிப்பு, மாதிரிகளை முதலிலிருந்து எடுக்க வேண்டும். "இதை வெளியாள் எவனாவது கண்டுபிடிச்சிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும்" என்றார் தலைவர். கழிப்பறைக்குப் போய், ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தாள்.

வீட்டில் ஆர்ப்பாட்டமாகச் சொன்னாள். "எட்டு மனுவுக்கு அசையாத மனுஷன், என் ஒரு எண்ணுக்கு அசைஞ்சாரு பாத்தியா!"

தங்கை மேசையில் கிடந்த பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தாள். முதல் பெயரின் மேல் இருந்த சிவப்புக் கோட்டை விரலால் தடவினாள்.

"அவர் எட்டுத் தடவை எழுதினாருக்கா, கொசு இல்லைன்னு" என்றாள். "ஒன்பதாவது இதோ, நீ எழுதினது."