மூன்று வருஷப் பத்தியம்

திருமுடிவாக்கத்தில் பத்தியம் என்றால் கங்கையம்மாள்தான். யாருக்கு மஞ்சள் காமாலை வந்தாலும் அவள் வாசலில் வந்து நின்று, எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுக்கொண்டு போவார்கள். அந்தப் பேர் சும்மா வரவில்லை. குடித்துக் குடித்து ஈரல் சுருங்கி, வயிறு வீங்கிக் கிடந்த புருஷன் முனிரத்தினத்தை மூன்று வருஷமாக நடமாட வைத்திருந்தாள். மாத்திரை டாக்டர் கொடுத்ததுதான். ஆனால் பிழைக்க வைத்தது தன் பத்தியம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி. அப்புறம் கஞ்சி. மதியம் மோர் சாதம். ராத்திரி மறுபடியும் கஞ்சி. பருப்பு, முட்டை, மீன், எண்ணெய் எதுவும் கிட்டே வரக்கூடாது. வெயில் சூடு என்று வாசலில்கூட உட்கார விடமாட்டாள். கோவளத்து நெத்திலி என்றால் உயிரை விடுகிற மனுஷன் அவர். மீன்காரி தெருவில் கூவினால் இவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவாள். அவர் வாயே திறக்கமாட்டார்.

அதுதான் அவளுக்கு அதிசயம். இருபது வருஷம் குடிக்காதே, குடிக்காதே என்று காலில் விழுந்து அழுதிருக்கிறாள். செவிடன் காதில் ஊதின சங்குதான். அப்படிப்பட்டவர் இப்போது பெட்டிப் பாம்பாய் அடங்கி, அவள் ஊற்றியதைக் குடித்தார். கல்யாணமான புதிதில்கூட அவள் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. அவருக்குக் கை கால் சூம்பியது, சட்டை தொளதொளத்தது. கெட்ட நீர் வடிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தவர், மிதியடியில் கால் தடுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தார். பச்சைப் பிள்ளைகூட அழாமல் எழுந்து ஓடியிருக்கும். அவர் எழவில்லை.

"இடுப்பாண்ட இன்னாவோ ஒடைஞ்சிச்சு மே" என்றார்.

மகள் வினிதா ஆம்புலன்ஸ் வைத்து, அவர் வழக்கமாகக் காட்டுகிற தாம்பரம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஈரல் டாக்டர் ஜெரூஷா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தொடை எலும்பு இடுப்புகிட்ட உடைஞ்சிருக்கும்மா. லிவர் நோய் இருக்கறவங்களுக்கு எலும்பு தேயும், சதை கரையும். ஆனா இவ்வளவு மோசமா ஆகியிருக்கே. வீட்ல என்ன சாப்பிடறாரு?"

கங்கையம்மாள் சொன்னாள். நன்றாகப் படித்த பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, கீழாநெல்லியில் ஆரம்பித்துக் கதவைச் சாத்துவது வரைக்கும் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினேனேம்மா" என்றார் டாக்டர். "முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் சாப்பிடணும், காலையில வெயில்ல நடக்கணும்னு. உப்பை மட்டும்தான் குறைக்கச் சொன்னேன். இந்த நோய்க்குப் பட்டினி போட்டா உடம்பு தன்னையே தின்னும். கேட்டா, எல்லாம் நல்லா சாப்பிடறேன்னு சொல்வாரு. ஃபைல்ல அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"என்னாண்ட அப்படிச் சொல்லலியே டாக்டரம்மா. இதேமாரி துன்னச் சொன்னாங்கன்னுதான சொல்லிகினு வந்தாரு."

செக்கப்புக்கு வரும்போதெல்லாம், உள்ளே கூட்டமாய் இருக்கிறது, நீ வெளியே குந்து என்று அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர் தனியாகப் போனது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஆபரேஷன் பண்ணாவிட்டால் படுத்த படுக்கைதான், சளி கட்டி அதிலேயே போய்விடுவார். பண்ணினால் ரத்தம் உறையுமா, ஈரல் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது. டாக்டர் இரண்டையும் மறைக்காமல் சொன்னார். மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று முடிவானது. கங்கையம்மாள் கையெழுத்துப் போட்டாள். இன்றைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டதற்கு, மீன்கூடக் கொடுங்கள், உப்பு மட்டும் கம்மியாக என்றார் டாக்டர்.

வினிதாவின் வீடு பக்கத்திலேயே இருந்தது. அங்கே போய் நெத்திலிக் குழம்பு வைத்தாள். மூன்று வருஷமாக மீன் தொடாத கை, புளி அளவுகூட மறந்துபோயிருந்தது. சாயங்காலம் சோற்றில் பிசைந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள்.

"இன்னாமே, நெத்திலியா?"

"துன்னுயா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஆவுமா?"

ஊருக்கெல்லாம் ஆகும், ஆகாது சொன்னவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் மெதுவாக மென்றார்.

"தெரிஞ்சிகினே ஏன்யா கஞ்சி குடிச்ச? டாக்டர் இதத்தான் துன்னச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் இன்னா உன்னைக் கடிச்சா துன்னிருப்பேன்?"

"இருபது வருசம் நீ சொன்ன ஒண்ணையும் நான் கேக்கல" என்றார். "இதையாவது கேட்டுகினு கெடப்போமேன்னு இருந்தேன். உன் மூஞ்சியில சிரிப்ப அப்பத்தான் பாத்தேன்."

நாலு வாய் சாப்பிட்டார். ஐந்தாவதுக்குக் கையைக் காட்டித் தடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். போர்வைக்கு மேலே கிடந்த கை விறகுக் குச்சி மாதிரி இருந்தது. அதைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். இந்த மனுஷன் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. இந்த ஒரு பேச்சை மட்டும் பாவி மனுஷன் மீறித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அழுதாள்.