இடுப்பளவு விட்ட கட்டை

காலையில் வந்து பார்த்த மரம்வெட்டிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வேரோடு சாய்ப்பதற்குப் பிடி வேண்டுமென்று நேற்று அவர் மேல்மரத்தை வெட்டிவிட்டு இடுப்பளவு விட்டிருந்த அடிமரத்தை, வீட்டுக்காரரின் மைத்துனர் கணுக்கால் உயரத்துக்கு அறுத்துத் தள்ளியிருந்தார். போதாக்குறைக்கு, எஞ்சிய கட்டையில் சங்கிலியைச் சுற்றிக் காரோடு பிணைத்திருந்தார்.

"அசிங்கமா நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதான். நீங்க பக்கத்துல நின்னு கடப்பாரையால நெம்புங்க, நான் வண்டிய எடுக்கறேன்," என்றார் மைத்துனர்.

"சங்கிலி அறுந்தா என் தலைதானே போகும்? இன்னும் வேர் ஒண்ணுகூட வெட்டல. சாய்க்க இருந்த பிடியையும் அறுத்துட்டீங்க!"

"இவ்வளவு பயந்தாங்கொள்ளியா அண்ணே நீங்க?"

மரம்வெட்டிக்குச் சுரீரென்றது. "அப்ப கடப்பாரைய நீங்க பிடிங்க. வண்டிய நான் எடுக்கறேன்," என்று சாவிக்குக் கை நீட்டினார்.

மைத்துனர் கட்டையைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். பிறகு குனிந்து சங்கிலியின் கொக்கியைக் கழற்றினார். மரம்வெட்டியோ, சினம் தணியாமலே, வேர்களைத் தேடி மண்ணைத் தோண்டத் தொடங்கினார்.