மேட்டுத் தெருவுக்கு ஏறி வந்த தண்ணீர்

கீழ் வாய்க்காலின் தண்ணீர் மேட்டில் ஏறி வந்து அல்மாகானின் வாசலில் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. உருளைக்கிழங்கு கிலோ முப்பது சோம் விற்ற வாரம் அது. கரை எதுவும் இல்லாமல், முழங்கால் உயரத்துக்குக் கண்ணாடிச் சுவர் மாதிரி நின்றது. உள்ளே இரண்டு மீன்கள் இருந்தன. குர்கக் சாய் என்ற ஊர்ப்பெயருக்கு வறண்ட ஓடை என்று பொருள். அங்கே தண்ணீர் மேலேறியதைவிட, அது யார் வீட்டுக்காக ஏறியது என்பதுதான் பேச்சாக இருந்தது.

அல்மாகான் தலைநகர் பிஷ்கெக்கில் இருபத்தாறு வருஷம் டிராலிபஸ் ஓட்டியவள். ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டியதில்லை. ஓய்வுபெற்றதும் அந்த மேட்டு வீட்டையும் நாற்பது வாதுமைப்பழக் கன்றுகளையும் வாங்கினாள். "குழாய் இருக்கு, பாத்துக்குங்க அக்கா" என்று விற்றவன் காட்டினான். பொய் சொல்லவில்லை; குழாய் இருந்தது. சுவரில் பூசி ஒட்டியிருந்த அதற்குப் பின்னால் சுவர் மட்டுமே இருந்தது. நீர்ச் சங்கத்தில் விண்ணப்பம் கொடுத்தாள். சங்கம் அதைப் படித்ததோ இல்லையோ, ஆறாம் நாள் தண்ணீர் நேரில் வந்துவிட்டது. அல்மாகான் வெளியே வந்து கையை உயர்த்தினாள். "நில்லு. அனுமதி வரட்டும். அதுவரைக்கும் வெளியவே இரு." தண்ணீர் நின்றது. நகரத்து ஓரத்தில் அவளுக்கு முன்பு ஒரு வீடு இருந்தது. ஒரு தாள் குறைகிறது என்று அதை இடித்துவிட்டார்கள். மெத்தைகளோடு தெருவில் நின்ற அந்த மத்தியானத்துக்குப் பிறகு, தாள் இல்லாத எதையும் அவள் தொடுவதில்லை.

ஆகவே தினமும் காலையில் வாசலில் நிற்கும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, இரண்டு வாளிகளோடு ஒரு கிலோமீட்டர் இறங்கிக் கீழ் வாய்க்காலுக்குப் போனாள். பக்கத்து வீட்டு சோனுன் வேலிமேல் சாய்ந்துகொண்டு பார்ப்பாள். "மாப்பிள்ளை வந்து வாசல்ல நிக்கிறான், பொண்ணு ஊரெல்லாம் மாப்பிள்ளை தேடுது" என்பாள். "உன் வேலையப் பாரு" என்பாள் அல்மாகான். சோனுனுக்கு வேறு வேலை இல்லை. கணவன் ஓமுர்ஸாக் படுக்கையில் இருந்தான், அவன் தூங்கும் நேரத்தில் அவளுக்கு வம்பு தேவைப்பட்டது.

சங்கத்திலிருந்து துர்துகுல் என்ற அதிகாரி வந்தார். பார்வையிட்டார். காலணிக்குள் தண்ணீர் போய்விட்டதால் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டு எழுதினார்.

"மேட்டுக்குத் தண்ணி ஏறாதுக்கா. ஏறாத தண்ணிக்கு எப்படி அனுமதி குடுக்கிறது?"

"நீங்க எதுல நிக்கிறீங்க தம்பி?"

"வரைபடத்துல இது காஞ்ச நிலம்" என்றார் அவர், சாக்ஸைப் பிழிந்தபடி. கெட்டவர் இல்லை. வரைபடத்தைத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

குளிர்காலத்தில் தண்ணீர் நின்ற இடத்திலேயே உறைந்தது, வசந்தத்தில் இளகியது, மீன்கள் மூன்றாயின. ஒரு நாள் அது வேலிக்குள் அரைச் சாண் வந்திருப்பதை அல்மாகான் பார்த்தாள். பார்த்ததும் கூச்சத்தோடு பின்வாங்கிக்கொண்டது. இரண்டு கோடைகளில் முப்பத்தொரு கன்றுகள் பட்டுப்போயின. ஒவ்வொன்றையும் அவளே பிடுங்கினாள். அந்த நாட்களில் சோனுன் கேலி பேசவில்லை.

மூன்றாம் கோடையில் ஓமுர்ஸாக் இறந்தான். மராமத்துக்காக அந்த வாரம் வாய்க்காலை அடைத்திருந்தார்கள். உடலைக் குளிப்பாட்ட வேண்டும். மூன்று ஊர் சனங்களுக்கு உலை வைக்க வேண்டும். சோனுன் காலி வாளியோடு வந்து வாசலில் நின்றாள். தண்ணீரைப் பார்க்கவில்லை.

அல்மாகான் கதவைத் திறந்துகொண்டு வந்து தண்ணீரின் எதிரே நின்றாள். "அந்த வீட்டுக்குப் போ."

அது அசையவில்லை. இரண்டு வருஷப் பழக்கம்.

"தாள் இல்ல, எனக்குத் தெரியும். நான் சொல்றேன், போ."

தண்ணீர் போனது. கொப்பரைகளை நிரப்பியது, தேநீர் கொதிக்கும் சமோவார்களை நிரப்பியது, ஓமுர்ஸாக்கின் மேல் வெதுவெதுப்பாக ஓடியது.

"உன் மரத்துக்கு மாட்டேன்னே, என் புருஷனுக்குன்னா குடுத்துட்டியே" என்றாள் சோனுன்.

"மரம் பட்டா வேற நடலாம்" என்றாள் அல்மாகான். வீடு இடிந்த நாளில் அழாததையும் சேர்த்து அழுதாள். திரும்பி வந்தபோது தண்ணீர் அவள் பின்னாலேயே முற்றத்துக்குள் வந்தது. அவள் கதவைச் சாத்தவில்லை. மிச்சமிருந்த ஒன்பது மரங்களும் சாயங்காலம் வரை குடித்தன.

நான்கு வருஷம் கழித்து, மூன்று முத்திரைகளோடு அனுமதி வந்தது: தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம், குறிப்பு, அவ்விடத்தில் தண்ணீர் இல்லை. அல்மாகான் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். தண்ணீர் இப்போது காலையில் கிளம்பி மேட்டுத் தெருவில் வீடு வீடாகப் போகிறது. ஆள் இல்லாத வீட்டில் படியை நனைத்து, வந்துபோன அடையாளம் வைக்கிறது. வியாழக்கிழமைகளில் ஓமுர்ஸாக்கின் கல்லறைப் பக்கம் போய்விட்டு மத்தியானம்தான் திரும்பும். அன்று அந்தத் தெருவில் யாரும் துணி ஊறவைப்பதில்லை.