இரண்டு தடவை வந்த ஒரே கப்பல்

1

இந்தக் கதை என் கற்பனையல்ல. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சுட்டது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஒரு தேசத்தின் எரிபொருள் பாதுகாப்பு என்பது அதன் இறையாண்மையின்...’ எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.

2

அக்கா மின்சாரத் துறையில் எரிபொருள் அதிகாரி. அத்தானுக்குப் போக்குவரத்துத் துறையில் அதே வேலை. எங்கள் மண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது; கப்பல் வந்தால்தான் பிழைப்பு. (வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாதென்பது கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒப்பந்தம். அது மட்டும் இல்லாவிட்டால் எனக்குக் கதையே கிடைத்திருக்காது!)

அன்று காலை அத்தான் அதை மீறினார். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“எங்க டீசல் கப்பல் நாளைக்கு வந்துடும். அமைச்சர்கிட்ட நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிட்டேன்.”

“எங்களுதும் நாளைக்குத்தான்,” என்றாள் அக்கா. “சிவப்புக் கப்பல்.”

“எங்களுதும் சிவப்புதான்.”

அத்தானின் ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

“என்னங்க... கடல்ல எத்தனை சிவப்புக் கப்பல் வருது?”

“ஒண்ணுதான்.”

3

(‘இவ்வளவு பெரிய அரசாங்கத்தில் ஒருவரும் கவனிக்கவில்லையா?’ என்பீர்கள். நானும் கேட்டேன். அக்கா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.)

இரு துறையும் முழுக் கப்பலையும் தன்னுடையதென்று சொல்ல, எரிபொருள் அமைச்சர் இரண்டு கப்பலென்று கணக்கில் கூட்டிவிட்டார். கையிருப்பு ஏராளமாம். அடுத்த கப்பல் வேண்டாமென்று இன்று மேடையில் அறிவிக்கப்போகிறார்.

“சூப்பர் கதை, அக்கா!” என்று குதித்தேன்.

“கதையா? அறிவிச்சாச்சுன்னா அந்த அடுத்த கப்பலை வேற நாட்டுக்காரன் கொத்திட்டுப் போயிடுவான். அப்புறம் ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு என்னத்தை ஊத்துறது, உன் பேனா மையையா?”

4

அமைச்சரிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்பவர் தலையில்தான் பழி விழும், வேலையும் போகும். இங்கே இருவரையும் கோழைகளாக்கி ஒரு பத்தி எழுதினேன். பொய்யாக இருந்தது. நடந்தது வேறு.

“போனை வைங்க. போற வேலை என்னோடதா இருக்கட்டும்.”

“சும்மா இரு. முதல்ல பெருமையடிச்சது நான்தானே.”

ஐயோ, இந்த இரண்டு பேரையும் எனக்கு எவ்வளவு பிடிக்கிறது!

முடிவு அ: அக்கா பேசுகிறாள்.
முடிவு ஆ: அத்தான் பேசுகிறார்.
முடிவு இ: ஒருவரும் பேசாமல்... (இதை நான் எழுதமாட்டேன்.)

5

இணைப்பு கிடைத்துவிட்டது. “அமைச்சர் லைன்ல இருக்கார். யாரு பேசுறது?” என்கிறார் உதவியாளர். போன் இருவர் பிடியிலும் இருக்கிறது. யார் கையை விலக்குவது? எனக்கு ஒருத்தி அக்கா, ஒருவர் அத்தான். என்னால் ஆகாது. உங்களுக்கு இருவரும் உறவில்லை.

நீங்களே விலக்குங்கள். சீக்கிரம், அமைச்சர் மேடையேறுகிறார்.